பாதை மறையும் காடு: பீச் மர மலைக்காட்டில் ஒரு நாள் நடைக்குத் திட்டம் போடுதல்

பீச் என்றதும் நம் காதில் கடற்கரைதான் விழும். இது மரம். வழவழவென்று சாம்பல் நிறப் பட்டை, கோடையில் வானத்தையே அடைத்துவிடும் இலைக்கூரை, அக்டோபரில் செம்பு நிறமாகி உதிரும் இலை. ஐரோப்பாவின் கார்பேத்தியன், அப்பெனைன், பைரனீஸ், டினாரிக் மலைகளின் நடுச்சரிவுகளில் இந்த ஒரே மரம் கிலோமீட்டர் கணக்கில் நிற்கும். நிழல் அவ்வளவு கனம் என்பதால் அடியில் புதர் எழுவதே அபூர்வம். தரை முழுக்கச் சருகு, தூண் தூணாக மரம், எந்தப் பக்கம் திரும்பினாலும் நடந்து போகலாம் போலிருக்கும்.

சிக்கலே அதுதான். முட்புதர்க் காட்டில் பாதையை விட்டு இரண்டடி விலகினால் முள் பிடித்து இழுத்துச் சொல்லிவிடும். பீச் காட்டில் அரை கிலோமீட்டர் விலகினாலும் கால் தடையில்லாமல் போய்க்கொண்டே இருக்கும். ஆகவே பாதைக் கோட்டை நம்பித் திட்டம் போட்டால் ஏமாற்றம்தான். ஓடை, முகடு, கணவாய், சரிவு மாறும் இடம் என்று நிலத்தின் உருவத்தை வைத்துப் போட வேண்டும். கணக்கு விளங்குவதற்காக நடுத்தரக் கடினமுள்ள மாதிரி வட்டப் பாதை ஒன்றை எடுத்துக்கொள்வோம்: அக்டோபர் நடுவில், 13 கிலோமீட்டர், 650 மீட்டர் ஏற்றம், அதே அளவு இறக்கம். எண்களை மாற்றிப் போட்டால் வேறு பாதைக்கும் இதே முறைதான்.

முதலில் ஒரு எச்சரிக்கை. நியூசிலாந்தில் மலை பீச் என்று அழைக்கப்படும் மரம் வேறு குடும்பம், பசுமை மாறாதது, இலையும் சுண்டுவிரல் நக அளவுதான். இங்கே சொல்லும் சருகுக் கணக்கு அங்கே செல்லாது. அங்கே வேறு தொல்லை: பட்டைக்குள் வாழும் பூச்சி சுரக்கும் தேன்பனிக்காகக் கோடை இறுதியில் குளவி மொய்க்கும். கரும்பூஞ்சை படிந்து கறுத்த தண்டில் பார்க்காமல் கை ஊன்றினால் கொட்டு வாங்கலாம்.

நடுத்தரம் என்றால் எவ்வளவு

பாதைப் பலகையில் இருக்கும் தரக்குறியீடு பாதிக் கதைதான் சொல்லும். சுவிஸ் ஆல்பைன் கிளப்பின் டி1 முதல் டி6 வரையான அளவுகோலும், இத்தாலியில் புழங்கும் டி, ஈ, ஈஈ குறியீடுகளும் தரையின் கடினத்தைத்தான் சொல்கின்றன. தூரமும் ஏற்றமும் அதில் இல்லை. டி2 பாதை 6 கிலோமீட்டராகவும் இருக்கலாம், 26 ஆகவும் இருக்கலாம். கையை ஊன்றி ஏற வேண்டாத பாதை, 10 முதல் 15 கிலோமீட்டர், 500 முதல் 800 மீட்டர் ஏற்றம், இடைவேளை சேர்க்காமல் ஐந்து முதல் ஆறு மணி நேர நடை. வாரம் ஒருமுறையாவது நடக்கும் பழக்கமுள்ளவருக்கு நடுத்தரம் என்றால் இவ்வளவுதான். குழுவில் ஒருவருக்கு முழங்கால் வலி இருந்தால் ஏற்றத்தைவிட இறக்கத்தை முதலில் பாருங்கள். அவரைக் கஷ்டப்படுத்தப் போவது இறக்கம்தான்.

அடுத்து அனுமதி. ஐரோப்பாவின் பழமையான பீச் காடுகள் 2007இல் ஸ்லோவாக்கியா, உக்ரைன் பகுதிகளோடு யுனெஸ்கோ பட்டியலில் ஏறின. 2011, 2017, 2021 ஆண்டுகளின் விரிவாக்கங்களுக்குப் பிறகு இன்று 18 நாடுகளில் பரவியிருக்கின்றன. இவற்றின் உள்வட்டங்களில் குறியிட்ட பாதையை விட்டு இறங்கவே கூடாது என்பது வழக்கமான விதி. சில இடங்களில் பாதையே கிடையாது. இத்தாலியின் சாஸ்ஸோ ஃபிராத்தினோ 1959இல் அந்த நாட்டின் முதல் முழுக் காப்பகமாக அறிவிக்கப்பட்டது, பொதுமக்கள் நடைக்கு இன்றும் திறப்பதில்லை. வரைபடத்தில் பழைய கோடு தெரிகிறது என்பதற்காக அது திறந்த பாதை ஆகிவிடாது. மரம் வெட்டும் பருவத்தில் தற்காலிகமாக மூடுவதும் உண்டு. புறப்படுவதற்கு முந்தைய வாரம் பூங்கா நிர்வாகத்தின் அறிவிப்பை ஒருமுறை பார்த்துவிட வேண்டும்.

வரைபடத்தில் நூல்

1:25,000 அளவு வரைபடம்தான் இதற்குச் சரி. 4 சென்டிமீட்டர் என்பது தரையில் 1 கிலோமீட்டர். 1:50,000இல் சின்ன ஓடைகளும் கிளைமுகடுகளும் ஒன்றோடொன்று கலந்துபோகும். விரித்ததும் முதலில் சமஉயரக் கோடுகளின் இடைவெளி எத்தனை மீட்டர் என்று குறிப்புக் கட்டத்தில் பாருங்கள். சிலவற்றில் 10, சிலவற்றில் 20. இதை மாற்றி எடுத்துக்கொண்டால் மலை இரண்டு மடங்கு செங்குத்தாகவோ பாதியாகவோ தெரியும். அடிக்கடி நடக்கும் தவறு இது.

தூரத்தை அளக்கத் தையல் நூல் போதும். பாதையின் ஒவ்வொரு வளைவிலும் நூலை ஒட்டி வைத்து, பிறகு நேராக நீட்டி அளவுகோலில் வையுங்கள். சரிவில் ஏறும் பாதை இடமும் வலமுமாக மடங்கும் சின்ன மடிப்புகளை வரைபடம் ஒரே கோடாக்கிவிடும் என்பதால் செங்குத்துப் பகுதிகளுக்குப் பத்தில் ஒரு பங்கு கூட்டிக்கொள்வது நல்லது. மாதிரிப் பாதையில் அப்படிக் கூட்டிய பிறகு வந்த அளவு:

1. பாலம் (540 மீ) முதல் இரண்டு ஓடைகள் கூடுமிடம் (680 மீ) வரை: 2.5 கிமீ, 140 மீ ஏற்றம்
2. ஓடைக்கூடல் முதல் கிளைமுகடு வழியாக முகடு (1,080 மீ) வரை: 2.0 கிமீ, 400 மீ ஏற்றம்
3. முகட்டிலிருந்து உச்சி (1,190 மீ) வரை: 1.5 கிமீ, 110 மீ ஏற்றம்
4. உச்சியிலிருந்து கணவாய் (1,040 மீ) வரை: 1.8 கிமீ, 150 மீ இறக்கம்
5. கணவாயிலிருந்து காட்டுச்சாலை (600 மீ) வரை: 3.2 கிமீ, 440 மீ இறக்கம்
6. காட்டுச்சாலை வழியாகப் பாலம் (540 மீ) வரை: 2.0 கிமீ, 60 மீ இறக்கம்

துண்டு பிரித்த இடங்கள் எல்லாமே கண்ணை மூடிக்கொண்டு நடந்தாலும் காலுக்குத் தெரியக்கூடிய இடங்கள். ஓடை கூடுமிடத்தில் தண்ணீர்ச் சத்தம் இரண்டாகும். முகட்டை எட்டியதும் ஏற்றம் சட்டென்று நின்று எதிர்ப்பக்கக் காற்று முகத்தில் அடிக்கும். கணவாயில் முன்னும் பின்னும் ஏற்றம், இரு பக்கமும் இறக்கம். "பெரிய மரத்துக்குப் பக்கத்தில்", "பெஞ்ச் போட்ட இடம்" என்று எழுதி வைத்த திட்டங்கள் பீச் காட்டில் உதவுவதில்லை. எல்லா மரமும் பெரிய மரம்தான், பெஞ்சு போன குளிரில் உளுத்து விழுந்திருக்கும்.

இரண்டாவது துண்டில் 2 கிலோமீட்டருக்கு 400 மீட்டர், அதாவது 20 சதவீதச் சரிவு. 20 மீட்டர் இடைவெளி வரைபடத்தில் அது 8 சென்டிமீட்டருக்குள் 20 கோடு, கோட்டுக்குக் கோடு 4 மில்லிமீட்டர். இது வசதியான ஏற்றம். இடைவெளி 2 மில்லிமீட்டராகச் சுருங்கினால் 40 சதவீதம். ஈரச்சருகு இருக்கும் நாளில் அதில் இறங்க வைக்காதீர்கள். 1 மில்லிமீட்டர் என்றால் 80 சதவீதம், கிட்டத்தட்ட 39 பாகை. பாதை அங்கே மடிந்து மடிந்து போகிறதா என்று பாருங்கள். மடியாமல் நேராகப் போனால் அந்தத் துண்டையே விட்டுவிட்டு வேறு வழி தேடலாம்.

சுற்றும் திசையும் இங்கேயே முடிவாகிவிடுகிறது. ஐந்தாவது துண்டில் சரிவு 14 சதவீதத்துக்குள்தான். செங்குத்தான பக்கம் ஏறி, சாய்வான பக்கம் இறங்குவது எந்த மலையிலும் நல்லதுதான், பீச் சருகில் அதைக் கண்டிப்பான விதியாகவே வைத்துக்கொள்ளலாம். தலைகீழாகச் சுற்றினால் தூரமும் உயரமும் மாறாது, சறுக்கி உட்காரும் எண்ணிக்கை மட்டும் மாறும்.

மணிக்கணக்கு

இரண்டு வாய்ப்பாடுகள் புழக்கத்தில் இருக்கின்றன. 1892இல் ஸ்காட்லாந்தின் மலையேறி நேஸ்மித் சொன்னது: 5 கிலோமீட்டருக்கு ஒரு மணி, அதோடு 600 மீட்டர் ஏற்றத்துக்கு ஒரு மணி. நம் பாதைக்கு இது 3 மணி 41 நிமிடம் தருகிறது. நல்ல தரையில் ஓட்டமும் நடையுமாகப் போகிறவருக்கு அது சரியாக இருக்கலாம்.

மற்றது டிஐஎன் 33466 என்ற ஜெர்மானியத் தரக்குறிப்பு. சமதளத்தில் மணிக்கு 4 கிலோமீட்டர், ஏற்றம் மணிக்கு 300 மீட்டர், இறக்கம் மணிக்கு 500 மீட்டர். தூரத்துக்கான நேரம், உயரத்துக்கான நேரம் இரண்டையும் தனித்தனியே போட்டு, பெரியதை முழுதாகவும் சிறியதில் பாதியையும் கூட்ட வேண்டும். மொத்தப் பாதைக்கும் ஒரே வீச்சில் போட்டால் 5 மணி 6 நிமிடம். ஆனால் துண்டு துண்டாகப் போட்டால் 52, 95, 34, 36, 77, 34 நிமிடங்கள், கூட்டினால் 328 நிமிடம், 5 மணி 28 நிமிடம். எப்போதும் துண்டு வாரியாகப் போட்டதையே எடுங்கள். ஒரே வீச்சில் போடும்போது மெதுவான ஏற்றத்தின் நேரத்தைத் தட்டையான காட்டுச்சாலை விழுங்கிவிடுகிறது. உண்மையில் அந்த ஏற்றத்தில் யாரும் வேகமாகப் போகப் போவதில்லை.

இந்த 328உடன் மணிக்குப் பத்து நிமிடம் என்று ஐந்து இடைவேளை, 50 நிமிடம். உச்சியில் சாப்பாட்டுக்கு 30. உதிர்காலச் சருகுக்காக நான்கு, ஐந்தாம் துண்டுகளின் இறக்கத்தில் கால் பங்கு கூடுதல், 28 நிமிடம். மொத்தம் 436 நிமிடம், 7 மணி 16 நிமிடம். கால் பங்கு என்பது எந்த வாய்ப்பாட்டிலும் இல்லை, காட்டில் இறங்கிப் பார்த்துச் சேர்த்துக்கொண்டது. மழை பெய்த மறுநாள் என்றால் மூன்றில் ஒரு பங்காக்கலாம்.

அக்டோபர் 20 வாக்கில் 48 பாகை அட்சத்தில் பகல் ஏறக்குறைய பத்தரை மணி நேரம்தான். அன்று சூரிய மறைவு மாலை 6 மணி என்று வைத்துக்கொண்டால், 5 மணிக்குப் பாலத்தில் இருக்க வேண்டும். மரத்தடியில் வெளிச்சம் வானத்தைவிட முன்னதாகவே போய்விடும், கிழக்கு நோக்கிய சரிவில் இன்னும் சீக்கிரம். காலை 8.30க்குக் கிளம்பினால் கணக்குப்படி 3.46க்குத் திரும்பலாம், கையில் 74 நிமிட உபரி. அதே மாதக் கடைசி ஞாயிறன்று ஐரோப்பாவில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னுக்குத் தள்ளுவார்கள். முந்தைய வார மறைவு நேரத்தை மனதில் வைத்துக்கொண்டு அடுத்த வாரம் போகிறவர்களுக்கு ஒரு மணி நேரம் கண்ணெதிரே காணாமல் போகும்.

திரும்பும் முடிவை எங்கே எடுப்பது

பெரும்பாலானோர் "உச்சிக்குப் போய்ப் பார்த்துக்கொள்ளலாம்" என்றுதான் சொல்வார்கள். எண்களைப் போட்டுப் பார்த்தால் அது எவ்வளவு தவறு என்று தெரியும். உச்சியிலிருந்து வந்த வழியே திரும்ப அதே வாய்ப்பாட்டில் 29, 63, 46 நிமிடம், ஆக 138. முன்னே போய் முடிக்க 147. வித்தியாசம் ஒன்பதே நிமிடம். உச்சியில் நின்று திரும்பலாமா என்று விவாதிப்பதற்குப் பொருளே இல்லை.

முகட்டை முதன்முதலில் தொடும் 1,080 மீட்டர் புள்ளியில் நிலைமை வேறு. அங்கிருந்து திரும்ப 109 நிமிடம், தொடர்ந்து முடிக்க 181. எழுபத்திரண்டு நிமிடம் மிச்சமாகும். ஆகவே முடிவுப்புள்ளி அதுதான். அங்கிருந்து மீதிக்கு நடை 181, சருகு 28, சாப்பாடு 30, இடைவேளை 30, மொத்தம் 269 நிமிடம். 5 மணியிலிருந்து கழித்தால் 12.31. வரைபடத்தின் ஓரத்தில் பென்சிலால் இப்படி எழுதி வையுங்கள்: "முகடு, 12.30. தாண்டினால் திரும்பு." திட்டப்படி அங்கே 11.17க்குச் சேர வேண்டும். இடையே 73 நிமிடம் இருக்கிறது. குழுவில் யாருக்காவது கால் கொப்புளம் கட்டினால் இந்த உபரியிலிருந்துதான் எடுக்க வேண்டும்.

ஒவ்வொரு வட்டப் பாதையிலும் இந்தப் புள்ளி வேறு வேறு இடத்தில் விழும். திரும்பும் நேரத்துக்கும் முடிக்கும் நேரத்துக்கும் இடையே வித்தியாசம் இன்னும் பெரிதாக இருக்கிற, ஆனால் செங்குத்தான ஏற்றம் முடிந்துவிட்ட இடத்தைத் தேடுங்கள்.

முகட்டில் பிரியும் இடம்

ஏறும்போது கிளைமுகடுகள் எல்லாம் ஒன்றுசேர்ந்து ஒரே முகட்டில் வந்து முடியும். கொஞ்சம் விலகினாலும் மலையே கூட்டிக்கொண்டு போய் மேலே விடும். இறங்கும்போது இது தலைகீழ். உச்சியிலிருந்து புறப்படும் முகடு இரண்டாக, மூன்றாகப் பிரியும். பிரியும் இடம் அகலமான, மழுங்கிய மேடாக இருக்கும். முதல் நூறு மீட்டரில் இரண்டு கிளைக்கும் வித்தியாசமே தெரியாது. இலை நிற்கும் காலத்தில் பள்ளத்தாக்கும் கண்ணுக்குத் தெரியாது. பீச் காட்டில் பெரிய தவறுகள் நடப்பது இங்கேதான், தவறு தெரியவரும்போது 200 மீட்டர் இறங்கியிருப்பார்கள்.

ஆகவே நான்காவது துண்டுக்கு மட்டும் வீட்டிலேயே திசைக்கோணம் எடுத்து எழுதி வைக்க வேண்டும். திசைகாட்டித் தட்டின் விளிம்பை உச்சியிலிருந்து கணவாய்ப் பக்கக் கிளைக்கு வைத்து, சுழல்வட்டின் கோடுகளை வரைபடத்தின் வடக்குக் கோட்டுக்கு இணையாக்கிப் படியுங்கள். உச்சியில் நின்றதும் சிவப்பு முள்ளைப் பொருத்தி, அந்தக் கோணத்தில் ஒரு மரத்தைக் குறிவைத்து அதுவரை நடந்து, மீண்டும் அடுத்த மரம். 300 மீட்டர் இப்படிப் போனால் சரியான கிளையின் முதுகு காலுக்குக் கீழே வந்துவிடும். தூரத்தை அடியால் எண்ணுவது நல்ல பழக்கம். 100 மீட்டருக்கு உங்களுக்கு எத்தனை இரட்டை அடி என்று சமதளத்தில் முன்கூட்டியே அளந்திருக்க வேண்டும். சரிவில் அந்த எண் கூடும்.

கூடவே ஒரு காவல் அடையாளமும் வேண்டும்: "இது வந்தால் தாண்டிவிட்டாய்" என்று சொல்லும் ஒன்று. இங்கே கணவாய்க்கு அப்பால் முகடு மறுபடி ஏறுகிறது. இறக்கம் முடிந்து ஏற்றம் தொடங்கிவிட்டால் கணவாயை விட்டு வந்தாயிற்று. ஆனால் 900 மீட்டர் வரை இறங்கியும் கணவாய் வரவில்லை என்றால் தவறான கிளையில் இருக்கிறீர்கள். கைக்கடிகாரத்தின் உயரமானியை உச்சியில் 1,190 என்று திருத்தி வைத்திருந்தால் இதைக் காடு காட்டாவிட்டாலும் அது காட்டும்.

ஃபோனில் ஜிபிஎஸ் இருக்கிறதே என்றால், இருக்கட்டும். ஈர இலைக்கூரைக்கும் குறுகிய பள்ளத்தாக்குக்கும் நடுவே நீலப்புள்ளி இங்குமங்கும் தாவும். பக்கத்துக் கிளைமுகட்டில் இருக்கிறோமா என்று கேட்டால் பதில் சொல்லும், பாதையிலா அதற்கு இருபது மீட்டர் மேலேயா என்று கேட்டால் தடுமாறும். வரைபடத்தை முன்பே இறக்கி வைத்துக்கொண்டு ஃப்ளைட் மோடில் போட்டால் பேட்டரி நாள் முழுக்க வரும்.

மரத்தில் அடித்த வண்ணம்

பீச்சின் வழவழப்பான பட்டை பெயிண்ட் அடிக்க வாகானது. போலந்து, செக், ஸ்லோவாக்கியாவில் இரண்டு வெள்ளைப் பட்டைக்கு நடுவே ஒரு வண்ணப் பட்டை. வண்ணம் கடினத்தைக் குறிப்பதில்லை, எந்தப் பாதை என்பதை மட்டும் சொல்கிறது. இத்தாலியில் சிவப்பு, வெள்ளைப் பட்டையும் பாதை எண்ணும். ருமேனியாவில் வெள்ளைப் பின்னணியில் பட்டை, சிலுவை, முக்கோணம், வட்டம்.

வனத்துறையினரும் இதே மரங்களில்தான் பெயிண்ட் அடிப்பார்கள். வெட்ட வேண்டிய மரம், எல்லை, கட்டை இழுக்கும் தடம் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு புள்ளியோ சாய்கோடோ எண்ணோ இருக்கும். சாய்வாக இழுத்த ஒற்றைக் கோட்டைப் பாதைக்குறி என்று பின்தொடர்ந்தால், கட்டை இழுத்த தடத்தில் சகதிக்குள் போய் முடியும். வெள்ளைப் பின்னணி இல்லாத குறியை நம்ப வேண்டாம். குறியிட்ட மரமே வெட்டப்பட்டோ விழுந்தோ போயிருக்கலாம் என்பதால், கடைசிக் குறியைக் கண்டு ஐந்து நிமிடத்துக்குள் அடுத்தது வராவிட்டால் நின்று, கடைசிக் குறிவரை திரும்பிப் போங்கள். "இன்னும் கொஞ்சம் போய்ப் பார்ப்போம்" என்பதற்குத் தரை தடை சொல்லாத காடு இது.

சருகு

பீச் இலை மெதுவாகத்தான் மட்கும். புதிய சருகு விழும்போது அதற்கு முந்தைய ஆண்டுகளின் சருகு இன்னும் கீழே இருக்கும். ஊன்றுகோலின் முனையைச் சரிவில் மெல்ல இறக்கிப் பார்த்தால் அடுக்கு தெரியும். மேலே நாலு விரற்கடை மொறுமொறு சருகு, முனை தடையின்றி இறங்கும். அதற்குக் கீழே ஒன்றன்மேல் ஒன்று ஒட்டிய ஈர இலை, நனைந்த நோட்டுப்புத்தகப் பக்கங்களைப் போல. முனை அங்கே வழுக்கும். அதற்கும் கீழே கறுப்பு மண், அதில் முழங்கால் எலும்பு மாதிரி உருண்ட வேர். கால் வைக்கும்போது எடை விழுவது அந்த நடு அடுக்கில். ஒரு தாள் மற்றொன்றின்மேல் நழுவ, காலும் கூடப் போகிறது. பூட்சின் அடிப்பள்ளம் எவ்வளவு ஆழமாக இருந்தாலும் இங்கே பயனில்லை, அது கவ்வுவதும் இலையைத்தான்.

செய்யக்கூடியது: சரிவுக்குக் குறுக்காகக் கால் வைத்து, விளிம்பால் சருகைத் தள்ளி மண்ணைத் தொட்ட பிறகு எடையை மாற்றுங்கள். அடியைச் சுருக்குங்கள். குதிகாலால் குத்தி இறங்குவது பனியில் சரி, இங்கே குதிகால் வேரில் பட்டுக் கணுக்கால் மடங்கும். ஊன்றுகோலின் வட்டத்தட்டைக் கழற்றாமல் விடுங்கள், இல்லாவிட்டால் கோல் கைப்பிடி வரை புதைந்து வளையும். பள்ளங்களில் காற்று சருகை முழங்கால் ஆழத்துக்குக் குவித்திருக்கும், அடியில் சிற்றோடை ஓடினாலும் தெரியாது. அப்படிப்பட்ட பள்ளத்தைக் கடக்கும் முன் கோலால் ஆழம் பார்த்தே ஆக வேண்டும்.

மரத்தின் அடித்தண்டு சரிவை நோக்கி வளைந்து பிறகு நிமிர்ந்து நின்றால், குளிர்காலப் பனியும் மண்ணும் மெல்லக் கீழே நகர்ந்து இளமரத்தைத் தள்ளியிருக்கிறது என்று பொருள். வரைபடத்தில் சரிவு மிதமாகத் தெரிந்தாலும் அங்கே பாதை சாய்ந்து, குறுகி இருக்கும்.

அடிப்பாறையும் கணக்கில் வர வேண்டும். வெளிக் கார்பேத்தியனின் பெரும்பகுதி மணற்பாறையும் களிப்பாறையும் மாறி மாறி அடுக்கியது. ஓடைக்குப் பஞ்சமில்லை, மழைக்குப் பின் களிமண் சோப்பு போல. அப்பெனைனின் நடுப்பகுதியிலும் டினாரிக் மலைகளிலும் சுண்ணாம்புப் பாறை அதிகம். மழைநீர் உடனே உள்ளே இறங்கிவிடும், முகட்டில் ஒரு சொட்டு கிடைக்காது. வரைபடத்தில் நீலக்கோடு உச்சிக்கு 300 மீட்டர் கீழேயே நின்றுபோனால் தண்ணீரை முழுதாகச் சுமந்துதான் ஆக வேண்டும்.

எங்கே உட்காரக் கூடாது

மதியச் சாப்பாட்டுக்கு முன் தலைக்குமேல் பாருங்கள். தண்டில் குதிரைக் குளம்பு வடிவில் சாம்பல் நிறக் காளான் துருத்தியிருந்தால் உள்ளே மரம் வெள்ளையாக உளுத்திருக்கிறது. அப்படிப்பட்ட பீச் வேரோடு சாய்வதைவிட நடுத்தண்டில் முறிந்து விழுவதே அதிகம். அதன் உயரத்தின் ஒன்றரை மடங்கு தள்ளிப் போங்கள். காற்றில்லாத கோடைப் பிற்பகலில் நல்ல மரத்தின் பச்சைக் கிளையே முன்னறிவிப்பின்றி ஒடிந்து விழுவதும் பீச்சில் உண்டு. பலத்த காற்று முன்னறிவிப்பு இருந்தால், வீச்சு மணிக்கு 50 கிலோமீட்டரைத் தாண்டும் என்றால், தேதியை மாற்றுவதே நல்லது. பழங்காடுகளில் செத்த மரத்தை அப்படியே விட்டுவைப்பது நிர்வாகத்தின் கொள்கை. யாரும் முன்கூட்டி வெட்டி வைத்திருக்க மாட்டார்கள்.

பாதையில் விழுந்து கிடக்கும் கட்டையின்மேல் ஏறி மிதிக்காதீர்கள், தாண்டுங்கள். பாசி படிந்த பட்டை பட்டென்று உரிந்து வரும்.

மழையில் பீச்சடியில் ஒதுங்குவது வீண். கிளைகள் மேல்நோக்கிப் போவதாலும் பட்டை வழவழப்பாக இருப்பதாலும் மேலே விழும் நீரில் ஒரு பங்கு தண்டின் வழியாகவே ஓடி வேரடியில் கொட்டும். இடி மின்னலுக்கு ஓக்கை விட்டு பீச்சைத் தேடு என்று ஜெர்மன் மொழியில் ஒரு பழைய சொல்வழக்கு இருக்கிறது. நம்பக் கூடாது. பீச்சின் மேலும் மின்னல் விழும். நனைந்த வழவழப்பான பட்டையின் வெளிப்பக்கமாக மின்சாரம் ஓடிவிடுவதால் காயம் கண்ணுக்குத் தெரிவதில்லை, அவ்வளவுதான்.

கீழே கிடக்கும் முக்கோண பீச் கொட்டைகளை ஒன்றிரண்டு கொறிப்பதால் ஒன்றுமில்லை, கைநிறையப் பச்சையாகத் தின்றால் வயிறு கலங்கும். கொட்டை மிகுந்து விளையும் ஆண்டுகளில் காட்டுப்பன்றியும், அவை வாழும் மலைகளில் பழுப்புக் கரடியும் சருகைக் கிளறி மேய வரும். பெரிய பரப்புக்குச் சருகு புரட்டிப் போட்டிருப்பதைக் கண்டால் பேச்சைக் கொஞ்சம் உரக்கப் பேசிக்கொண்டு போங்கள், நாயை வாரில் பிடியுங்கள்.

பை

தண்ணீர் நடை மணிக்கு அரை லிட்டர் என்று எடுத்தால் 2.5 முதல் 3 லிட்டர். உயரம் கூடக்கூட வெப்பநிலை ஆயிரம் மீட்டருக்கு 6.5 டிகிரி வீதம் குறையும் என்பதால் பாலத்தில் 12 டிகிரி என்றால் உச்சியில் 8க்குக் கீழே. காற்றும் வியர்வையும் சேர்ந்தால் கைவிரல் விறைக்கும். ஆகவே ஒரு கதகதப்பான மேலாடை, காற்றும் மழையும் தாங்கும் ஜாக்கெட், மெல்லிய கையுறை, குல்லா. இலையுதிர் காலத்தில் பள்ளத்தாக்கில் மூடுபனி, மேலே வெயில் என்று தலைகீழாக இருப்பதும் சகஜம். பாலத்தில் ஒன்றுமே தெரியவில்லை என்று பயணத்தை ரத்து செய்துவிட வேண்டாம், முன்னறிவிப்பில் உச்சியின் மேகமட்டத்தைப் பாருங்கள்.

ஹெட்லாம்ப், மாற்று பேட்டரியோடு, பகல் நடைக்கும் கட்டாயம். விசில் ஒன்று: மலையில் ஆபத்துக்கான அழைப்பு நிமிடத்துக்கு ஆறு முறை, பிறகு ஒரு நிமிடம் இடைவெளி, மறுபடி ஆறு, பதில் நிமிடத்துக்கு மூன்று. ஐரோப்பிய ஒன்றிய நாடுகளில் அவசர எண் 112. பள்ளத்தில் சிக்னல் கிடைக்காது, முகட்டுக்கு ஏறினால் பெரும்பாலும் கிடைக்கும். எனவே காட்டுக்குள் போகாத ஒருவரிடம் பாதை, திரும்பும் நேரம், "இத்தனை மணிக்குள் தகவல் வராவிட்டால் அழை" என்ற மூன்றையும் எழுதிக் கொடுத்துவிட்டுப் போக வேண்டும்.

உண்ணிக்கு நுனி கூரிய சாமணம். ஏழு டிகிரிக்கு மேல் வெப்பம் இருந்தாலே உண்ணி நடமாடும், அக்டோபரிலும் விலக்கில்லை. வெளிர்நிறக் காற்சட்டை போட்டு அதன் கீழ்விளிம்பைக் காலுறைக்குள் செருகினால் ஏறுவது கண்ணில் படும். உண்ணி மூளையழற்சி உள்ள பகுதி என்றால் தடுப்பூசி சில வாரங்களுக்கு முன்பே தொடங்க வேண்டிய விஷயம்.

திரும்பிய அன்று இரவு

முழங்கால் மடிப்பு, தொடையிடுக்கு, இடுப்புப் பட்டை, அக்குள், காதின் பின்புறம், தலைமுடி ஓரம் என்று விளக்கு வெளிச்சத்தில் தேடுங்கள். உண்ணி இருந்தால் தோலை ஒட்டி, தலைக்கு அருகே சாமணத்தால் பிடித்து நேராக மேலே இழுங்கள். எண்ணெய், நெருப்பு எதுவும் வேண்டாம். தேதியை எழுதி வையுங்கள். 3 முதல் 30 நாளுக்குள் கடித்த இடத்தைச் சுற்றிச் சிவப்பு வட்டம் விரிந்தால் அந்தத் தேதியோடு மருத்துவரிடம் போங்கள்.

பிறகு அதே தாளில் ஒவ்வொரு துண்டுக்கும் திட்டமிட்ட நேரத்துக்குப் பக்கத்தில் நடந்த நேரத்தை எழுதுங்கள். இரண்டாவது துண்டு 95க்குப் பதில் 110 ஆகியிருந்தால் உங்கள் குழுவின் ஏற்ற வேகம் மணிக்கு 300 மீட்டர் இல்லை, ஏறக்குறைய 250. அடுத்த மலைக்கு அந்த எண்ணைப் போட்டுத் தொடங்குங்கள்.